காறித் துப்பும் அண்ணன்மார்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் சளி பரிசோதிக்கிறவள். லேப் டெக்னீஷியன் என்பது உத்தியோகத்தின் பெயர். வருகிறவர்கள் எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை. ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போகிற பொருளை நான் நாள் முழுக்க டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்கிறேன். அதனால் தெருவில் துப்புகிறவர்களுக்கு ஒரு மடல் எழுதக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். அசிங்கம் என்று திட்டுவதற்காக எழுதவில்லை. அந்த வேலையை உங்கள் வீட்டில் ஏற்கெனவே யாராவது செய்துகொண்டிருப்பார்கள்.

என் குறை வேறு. விடியற்காலையில் குழாயடியில் நின்று நீங்கள் காறுகிற காறலில் தெருக்கோடி நாய்கூட எழுந்துவிடுகிறது. அடிவயிற்றில் பிறந்து, நெஞ்சைச் சுரண்டி, தொண்டையில் ஒரு கணம் நின்று, ‘க்ர்ர்ராக்... த்தூ’ என்று முடியும்போது எதிர்வீட்டில் பல் விளக்குகிறவரின் கை அப்படியே நின்றுபோகிறது. அதே மனிதர், இருமல் நிற்கவில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு என்னிடம் வருவார். டப்பாவைக் கொடுத்து, ‘கட்டடத்துக்குப் பின்னால வேப்பமரத்தடிக்குப் போய், நல்லா காறித் துப்பிட்டு வாங்கண்ணே’ என்பேன். போன வேகத்தில் திரும்பி வருவார். திறந்து பார்த்தால் தண்ணியாக, நுரை நுரையாக, சுத்தமான எச்சில்.

‘சளியே வரல சிஸ்டர்.’

தெருவுக்குத் தினமும் வாரி வழங்குகிறீர்கள். எனக்கு ஒரு தேக்கரண்டி வராது.

எச்சில் எனக்கு ஏன் ஆகாது என்று சொல்லிவிடுகிறேன். எச்சில் வாயில் ஊறுவது. சளி நெஞ்சுக்குள்ளிருந்து, மூச்சுக்குழாய்களின் அடியிலிருந்து வருவது. காசநோய்க் கிருமி குடியிருப்பது அங்கேதான், கன்னத்துக்குள் இல்லை. நல்ல சளி என்று நாங்கள் சொல்வது கெட்டியாக, மஞ்சள் கட்டிகளோடு, இரண்டு முதல் ஐந்து மில்லி அளவு இருப்பது. ‘நல்ல’ என்ற சொல்லை இந்த இடத்தில் உபயோகிக்கிறவர்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். டப்பாவைச் சாய்த்து, அந்த மஞ்சள் கட்டி எங்கே இருக்கிறதென்று தேடி, ஒரு ஈர்க்குச்சியால் எடுக்கிறோம். விளக்குமாற்றுக் குச்சிதான், வேறொன்றும் இல்லை. இயந்திரங்கள் வந்த பிறகும் அந்தக் குச்சிக்கு மாற்றாக இன்னொன்று எங்களுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிச் சில்லில் தடவி, காயவிட்டு, தீயில் காட்டி, சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை சூடாக்குவோம். பிறகு அமிலத்தால் கழுவுவோம். மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை சாயத்தை விட்டுவிடும். காசக் கிருமியின் தோலில் மெழுகு இருக்கிறது, அது விடாது. கடைசியில் நீலச் சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலத் தரையில் சிவப்புச் சிவப்பாகக் குட்டிக் குச்சிகள். கோக் என்கிற ஜெர்மானியர் 1882 மார்ச் 24 அன்று அந்தக் குச்சிகளைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார். அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே சீல், நீல்சன் என்ற இருவர் செம்மைப்படுத்திய சாயமுறையைத்தான் சிறுசிறு மாறுதல்களோடு இன்றுவரை கையாள்கிறோம்.

ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் ஒன்றிரண்டாவது கண்ணில் படும். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்னால் நூறு இடம் பார்த்தாக வேண்டும். எச்சிலைக் கொடுத்தீர்கள் என்றால் நூறு இடமும் காலியாகத்தான் இருக்கும். நான் ‘இல்லை’ என்று எழுதுவேன். நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள், இருமிக்கொண்டே. இப்போது சிபிநாட், ட்ரூநாட் என்று இயந்திரங்கள் வந்திருக்கின்றன. மிகக் குறைவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும், முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் ஓரிரு மணி நேரத்தில் சொல்லும். ஆனால் அதற்கும் போட வேண்டியது சளிதான்.

காலையில் மட்டும் ஏன் அத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் ஒரு வழவழப்பைச் சுரந்துகொண்டே இருக்கிறது. தூசு, புகை, கிருமி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். வந்து சேர்ந்ததை நாம் நம்மையறியாமல் விழுங்கிவிடுகிறோம். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆக, விழுங்கினால் ஏதோ ஆகிவிடும் என்று பயந்து துப்புகிறவர்கள் அந்தப் பயத்தை விட்டுவிடலாம். காறத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்குக் காசநோய்ச் சந்தேகம் வந்தால், காலையில் வெறும்வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இரவில் விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்தே எடுப்பார்கள். அது அங்கேதான் கிடக்கும்.

இரவில் படுத்தே கிடப்பதாலும் இருமல் குறைவதாலும் சரக்கு தேங்கும். எழுந்ததும் ஒரேயடியாக வெளியேறப் பார்க்கும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பு. புகை அந்த மயிரிழைகளை முடக்கிவிடுகிறது, சுரப்பைக் கூட்டிவிடுகிறது. ‘காலையில ஒரு பீடி பிடிச்சாத்தான் சிஸ்டர் சளி இளகி வெளிய வருது’ என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கினார். அந்தச் சளியைச் சேர்த்து வைத்ததே பீடிதான் என்று சொன்னதற்குச் சிரித்தார். மறுநாளும் பிடித்துவிட்டுத்தான் வந்தார்.

மரத்தடியில் மட்டும் ஏன் உங்களுக்கு வரமாட்டேன் என்கிறது? நான் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் துப்புவது வெறும் உடம்பு விவகாரம் இல்லை. ‘ஊரே காறித் துப்புது’ என்றால் மானம் போய்விட்டது என்று அர்த்தம். ‘மூஞ்சியிலயே துப்பிட்டுப் போயிட்டா’ என்றால் அதற்குமேல் பேச்சே கிடையாது. சினிமாவில் ஒரு ‘த்தூ’ போதும், பக்கம் பக்கமாக வசனம் வேண்டாம். மறுபக்கம், திருஷ்டி கழிக்கும்போது கையில் உப்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு ‘மூணு தரம் துப்புடா’ என்று பாட்டி நீட்டுவாள். அங்கே அது காப்பு. வெற்றிலை போடுகிற பெரியவர் பக்கத்தில் பித்தளைப் படிக்கம் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அங்கே அது கௌரவம். இப்படி ஒவ்வொரு துப்பலுக்கும் ஒரு முகவரி இருக்கிறது. தெருவில் துப்புவதற்கு மட்டும் முகவரி கிடையாது. யார்மேலும் இல்லை, யாருக்கும் இல்லை, அதனால் கூச்சமும் இல்லை. டப்பாவில் துப்பினால் அதை ஒருத்தி திறந்து பார்ப்பாள். போயும் போயும் ஒரு பொம்பளையிடம் கொண்டுபோய் இதைக் கொடுப்பதா என்று உங்கள் தொண்டை பிடித்துக்கொள்கிறது. மரியாதைக்காரராக எச்சிலோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

ஆண்களுக்கே இப்படி என்றால் பெண்கள் பாடு கேட்கவே வேண்டாம். காறுவது ஆம்பிளைச் சத்தம் என்று நம் வீடுகளில் வளர்த்திருக்கிறார்கள். பெண் செருமினால்கூட ‘என்ன அது?’ என்பார்கள். டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள், உள்ளே ஒரு துளி இருக்கும். பாகிஸ்தானில் ராவல்பிண்டியில் இதை ஆராய்ந்து 2007-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். எப்படி மூச்சை இழுத்து, எப்படி இருமி, எதைத் துப்ப வேண்டும் என்று சில நிமிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்த பெண்களில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்கள், சொல்லிக்கொடுக்காத பெண்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை, ரெண்டு வார்த்தை. அதைப் படித்ததிலிருந்து வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த ரெண்டு வார்த்தையை நான் விடுவதில்லை.

இனி உங்களுக்குப் பிடித்த ஒரு செய்தி, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காசநோய் முக்கியமாகத் தரையில் கிடக்கும் துப்பலால் பரவுவது இல்லை. இருமும்போது காற்றில் மிதக்கிற நுண்ணிய துளிகளால் பரவுகிறது. ஆனால் ஒரு காலத்தில் துப்பலைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். காய்ந்த சளி தூசாகப் பறந்து நோயைக் கொண்டுவரும் என்று நம்பினார்கள். நியூயார்க் நகரம் 1896-லேயே பொது இடத்தில் துப்பத் தடை போட்டது. ஜெர்மனியில் டெட்வைலர் என்ற டாக்டர், தானே காசநோயில் கிடந்து எழுந்தவர், 1889-ல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கண்ணாடிக் குப்பி ஒன்றை உருவாக்கினார். அடர்நீலக் கண்ணாடி, ஸ்பிரிங் மூடி. நோயாளிகள் செல்லமாக ‘நீல ஹென்றி’ என்று பெயர் வைத்தார்கள். உலாப் போகும்போது எடுத்து, துப்பி, மூடி, பைக்குள் போட்டுக்கொள்வார்கள். நம் படிக்கத்துக்குச் சட்டைப்பை முளைத்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த நம்பிக்கையைத் திருப்பிப் போட்டது 1950-களின் பிற்பாதியில் பால்டிமோரில் நடந்த ஒரு சோதனை. காசநோயாளிகள் படுத்திருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடிக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளியை அவை பார்க்கவும் இல்லை, சளி அவற்றின்மேல் படவும் இல்லை. காற்று மட்டும்தான். நோய் தொற்றியது. புற ஊதாக் கதிர் காட்டிய காற்றைச் சுவாசித்த கூட்டத்துக்குத் தொற்றவில்லை. ஆகவே நீங்கள் மூடிய பஸ்ஸில், ஏசி அறையில் வாயைப் பொத்தாமல் இருமுவதுதான் எனக்கு அதிகப் பயம். தெருவோரத் துப்பல் கண்ணுக்குக் கொடுமை, காலுக்குக் கொடுமை. மாடிப்படி மூலைகளில் சாமி படம் போட்ட டைல்ஸ் பதிக்க வைத்த பெருமையும் அதற்கு உண்டு. தமிழ்நாட்டில் புகைபிடித்தலையும் துப்புதலையும் சேர்த்துத் தடுக்கிற 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மூலைகளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

‘டீபின்னு தெரிஞ்சா எங்கயாவது கொண்டுபோய்ப் போட்ருவாங்க’ என்ற பயம் உங்களில் பலருக்கு இருப்பது தெரியும். அது தாத்தா காலத்துப் பயம். அப்போது அப்படித்தான் இருந்தது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்ட இடம்தான். மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்தப் பேரில்தான் இறங்குகிறார்கள். காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து படுக்கை. அதை மாற்றிய ஆராய்ச்சியும் நம் சென்னையில்தான் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் திறந்தார்கள். சென்னையின் நெருக்கமான ஏழை வீடுகளிலிருந்து வந்த நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறுபாதியை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே குணம். கூட இருந்த பிள்ளைகுட்டிகளுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இன்று மருந்து இலவசம், பெரும்பாலோருக்கு ஆறு மாதம், வீட்டிலிருந்தே. சாப்பாட்டுக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஒழுங்காக மாத்திரை தொடங்கினால் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். யாரும் யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ப் போடுவதில்லை.

காறுகிற எல்லாருக்கும் காசநோய் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு இருக்காது. பச்சையாக வருவதைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள். கிருமியோடு சண்டைபோடும் வெள்ளணுக்களில் இரும்பு சேர்ந்த ஒரு பொருள் பச்சை நிறத்தில் இருக்கிறது, அதன் சாயம்தான் அது. சாதாரண ஜலதோஷத்திலும் வரும். ஆனால் இரும்புத் துருப்போல வந்தாலோ, இளஞ்சிவப்பாக நுரைத்து மூச்சுத் திணறினாலோ, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம் வந்தாலோ டாக்டரை உடனே பாருங்கள். ரத்தம் ஒரு கோடு தெரிந்தாலும் ‘வெத்தலைக் கறை’ என்று சமாளிக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிய மெலிவு, இதில் ஏதாவது இருந்தால் என்னிடம் வாருங்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு.

உங்களில் இன்னொரு ரகம் உண்டு. சளி வராது, ஆனால் நாள் முழுக்க ‘க்க்கும், க்க்கும்’ என்று செருமிக்கொண்டே இருப்பார்கள். மீட்டிங்கில், போனில், சாமி கும்பிடும்போது. பல பேருக்கு அது நெஞ்சுச் சமாச்சாரமே இல்லை. வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை அரிப்பது, அல்லது மூக்கிலிருந்து பின்பக்கமாக ஒழுகுவது. செருமச் செருமக் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகி, அதனாலேயே இன்னும் சுரக்கும், இன்னும் செருமத் தோன்றும். செருமல் வரும்போது ஒரு வாய்த் தண்ணீரை மெதுவாக விழுங்கிப் பாருங்கள். ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கைவைத்தியத்தை நான் கேலி செய்யமாட்டேன். மிளகு ரசம், நொச்சி ஆவி, கற்பூரவள்ளி எல்லாம் இதமானவை. ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற சத்தை அடிப்படையாக வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் செய்தார்கள். அதன் வாரிசுதான் நீங்கள் கடையில் வாங்குகிற சிரப்பில் எழுதியிருக்கும் அம்ப்ராக்ஸால். வேலியோரம் நின்ற செடி கோட்டு சூட்டோடு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இரண்டு வாரம் கஷாயம் குடித்தும் நிற்காத இருமலுக்கு மூன்றாவது வாரமும் கஷாயமே குடிக்காதீர்கள்.

கடைசியாக, டப்பா விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். காலையில் எழுந்ததும், குழாயடிக்குப் போகும் முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். திறந்தவெளியில், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத இடத்தில் நில்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி நிறுத்தி, விடுங்கள். இரண்டு மூன்று முறை. பிறகு வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்று அடியிலிருந்து வேகமாக ஊதி, அதோடு சேர்த்து இருமுங்கள். சத்தம் போடலாம், வெட்கம் வேண்டாம், தெருவில் போடுகிற அதே சத்தம்தான். வந்ததை டப்பாவை வாயோடு ஒட்டிப் பிடித்து விடுங்கள், விளிம்பில் வழியாமல். வராவிட்டால் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு மறுபடி முயலுங்கள். எச்சிலைப் போட்டு அளவை நிரப்பாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும். மூடியை இறுக்கித் திருகி, அன்று காலையிலேயே கொண்டுவந்துவிடுங்கள். வெயிலில் பைக் டிக்கியில் போட்டு ஊர் சுற்ற வேண்டாம். மூடியில் பேர் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும். டப்பாவின் பக்கவாட்டில் நானே எழுதித் தருவேன்.

இப்படிக்கு,
சளி லேப் சிஸ்டர்

பி.கு.: டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து துப்புகிற அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒன்று. பஸ் முன்னால் போகும்போது அது பின்ஜன்னலுக்குள்தான் வரும். வேலைக்குப் போகும்போது நான் பெரும்பாலும் பின்சீட்டில்தான் இருப்பேன். லேபுக்கு வெளியே எனக்குச் சாம்பிள் வேண்டாம்.